பழைய சிக்னல் கேபினின் மரத்தளத்தைச் சீரமைப்பது எப்படி

ரயில் சிக்னல்களைக் கையால் இயக்கும் சிறு மாடிக் கட்டடங்களே சிக்னல் கேபின்கள். பிரிட்டனின் பழைய கேபின்களில் மாடியின் மரத்தளம் பார்வைக்கு வீட்டு மாடித்தளத்தைப் போலவே இருக்கும். அப்படி நினைத்து வேலையில் இறங்கினால்தான் வம்பு. சிக்னல்களை இயக்கும் நெம்புகோல்கள் (லீவர்கள்) வரிசையாகப் பொருத்திய இரும்புச் சட்டகமான லீவர் ஃபிரேம் அந்தத் தளத்தை ஊடுருவி நிற்கிறது. ஃபிரேமின் எடையும், ஒருவர் உடம்பைச் சாய்த்து லீவரை இழுக்கும்போது எழும் விசையும் பலகைகளுக்குப் போவதில்லை. அவை கீழே உள்ள, லீவர்களை ஒன்றோடொன்று பூட்டும் பொறி (லாக்கிங்) இருக்கும் லாக்கிங் அறையின் தனி உத்திரங்களுக்கோ வார்ப்பிரும்புக் கால்களுக்கோ இறங்குகின்றன. தளம் ஃபிரேமைச் சுற்றி இருக்கிறதே தவிர, அதைத் தாங்குவதில்லை, அதன்மேல் சாய்வதுமில்லை. எதை வெட்டலாம், எங்கே முட்டுக் கொடுக்கலாம், எங்கே இடைவெளி விடலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இங்கிருந்துதான் கிடைக்கிறது.

பயணிகள் ரயில் பாதைகளில், ஒன்றுக்கொன்று முரணான லீவர்களைச் சேர்ந்து இழுக்கவிடாத பூட்டமைப்பான இன்டர்லாக்கிங்கைக் கட்டாயமாக்கிய சட்டம் 1889-ல் வந்தது. கேபின்கள் பெருகியது அந்தக் காலத்தை ஒட்டித்தான். 1948-ல் சுமார் 10,000 கேபின்கள் இருந்தன. 2013-ல் 500-க்கும் குறைவாகிவிட்டன. அந்த ஆண்டு 26 கேபின்களைப் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் சேர்த்தார்கள். எஞ்சியவை இவ்வளவு குறைவாக இருக்கும்போது, முழுத் தளத்தையும் பெயர்த்துவிட்டுப் புதுப்பலகை அடிப்பது சீரமைப்பு ஆகாது. நல்ல மரத்தை முடிந்த அளவு அதே இடத்தில் வைத்துக்கொண்டு, கெட்டதை மட்டும் மாற்றுவதற்கான முறையைத்தான் இங்கே, இந்த வேலையில் இறங்கும் தன்னார்வக் குழுக்களுக்குச் சொல்கிறோம்.

தொடங்கும் முன்

பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால் உள்ளூர் மன்றத்தின் ஒப்புதல் கைக்கு வராமல் எதையும் வெட்டக் கூடாது. கட்டடத்தின் தன்மையை அனுமதியின்றி மாற்றுவது இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதே மரம், அதே அளவு, அதே முறை என்று செய்யும் சிறு பழுதுகளுக்குப் பெரும்பாலும் ஒப்புதல் தேவைப்படாது. ஆனால் எது பழுது, எது மாற்றம் என்பதைத் தன்னார்வலர்கள் தாங்களே தீர்மானிக்க வேண்டாம். மன்றத்தின் பாரம்பரியக் கட்டட அலுவலரிடம் முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விண்ணப்பித்தால் முடிவு சொல்ல எட்டு வாரம் என்பது வழக்கமான கெடு. மரத்துக்கு ஆர்டர் கொடுப்பதை அதற்கேற்பத் தள்ளிவையுங்கள்.

கல்நார் பரிசோதனை முடியாமல் பலகையைப் பெயர்க்காதீர்கள். பிரிட்டனில் கல்நாருக்கு முழுத்தடை வந்தது 1999-ல்தான். பிற்காலத்தில் ஒட்டிய தரை ஓடுகள், அவற்றின் அடியிலுள்ள கருப்புத் தார்ப்பசை, அடுப்புக் கதவின் கயிறு, அடுப்புக்குப் பின்னால் அடித்த பலகை ஆகிய நான்கிலும் அது இருக்க வாய்ப்புண்டு. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகும் பரிசோதனை இதற்குப் போதாது. பெயர்த்து வேலை செய்வதற்கு முன் செய்ய வேண்டிய விரிவான வகைப் பரிசோதனை என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுவரடிப் பலகையான ஸ்கர்ட்டிங்கையும் அலங்காரப் பட்டியான பீடிங்கையும் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். கூரையிலோ லாக்கிங் அறையிலோ வௌவால் தங்கிய தடம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தகுதி பெற்றவரை அழைக்க வேண்டும். வௌவால்கள் வெளியே போயிருந்தாலும் அவற்றின் தங்குமிடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

ரயில் ஓடும் பாதையின் கேபின் என்றால், லீவர் ஃபிரேமிலிருந்து ஒரு மீட்டருக்குள் நடக்கும் எந்த வேலைக்கும் சிக்னல் பிரிவின் பொறுப்பாளர் உடன் இருக்க வேண்டும். கேபின் பயன்பாட்டில் இல்லாவிட்டாலும் லீவர்களைத் தன்னார்வலர்கள் இஷ்டத்துக்கு இழுத்துப் பார்க்கக் கூடாது. வெளியே யாராவது தண்டவாளம் பிரியும் இடமான பாயின்டில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

தளம் அழுகுவதற்கான காரணம் பெரும்பாலும் தளத்தில் இருக்காது. கேபினுக்கு மூன்று பக்கமும் ஜன்னல். பக்கவாட்டில் நகரும் ஜன்னல்களின் கீழ்த்தடத்தில் தேங்கும் மழைநீர் சுவரின் உட்புறமாக இறங்கி, தளத்தைத் தாங்கும் சட்டங்களின் முனையில் போய் நிற்கும். நடுத்தளம் உறுதியாக இருக்க, ஜன்னலோரம் இரண்டு பலகை மட்டும் மிதித்தால் அமுங்குவது இதனால்தான். ஜன்னல் தடத்தின் வடிகால் துளைகள் பலமுறை பெயின்ட் அடித்ததில் அடைபட்டிருக்கும். 6 மி.மீ. கம்பியால் குத்தித் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை கூரையோர மழைநீர்க் கால்வாயின் இணைப்புகள், வெளிப்படிக்கட்டின் மேல்மேடை சுவரோடு சேரும் இடம், புகைப்போக்கி கூரையைத் துளைக்கும் இடம், கைகழுவும் தொட்டியின் குழாய். நல்ல மழையின்போது ஒருவர் உள்ளே டார்ச்சோடு நின்று பார்ப்பதற்கு ஈடான ஆய்வு வேறில்லை.

இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். லாக்கிங் அறையின் முன்சுவரில், தரையை ஒட்டி, லீவர்களிலிருந்து பாயின்டுகளுக்கும் சிக்னல்களுக்கும் போகும் ராடுகளும் கம்பிகளும் வெளியேற நீளமான திறப்பு இருக்கும். எலி வருகிறது, குளிர்க்காற்று அடிக்கிறது என்று நல்லெண்ணத்தில் இதைப் பலகையால் அடைத்துவிடுவார்கள். தளத்தின் அடிப்பக்கத்துக்குக் காற்று கிடைத்துவந்ததே அந்த வழியாகத்தான். அதை அடைத்தால் மண்தரையிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சட்டங்களில் ஏறும். பலகையை எடுத்துவிட்டு 6 மி.மீ. கண்ணுள்ள துருப்பிடிக்காத வலையைப் பொருத்துங்கள். ராடும் கம்பியும் உரசாமல் போக வலையில் தாராளமாக வெட்டு விட வேண்டும்.

எது கெட்டது, எது நல்லது

ஊசிமுனை ஈரமானி ஒன்று, மெல்லிய துளையூசி ஒன்று, ரசமட்டம், நூல், டார்ச் ஆகியவை போதும். லாக்கிங் அறையில் நின்று ஒவ்வொரு சட்டத்திலும் இரு முனைகளிலும் நடுவிலும் ஈரத்தை அளந்து எழுதுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் தொடங்காது. தொடர்ந்து அதற்கு மேலே இருந்தால் அந்த முனையைச் சந்தேகியுங்கள். 28, 30 என்று காட்டினால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

துளையூசியை மரத்தின் ரேகைக்குக் குறுக்கே சாய்த்துக் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளமான சிலும்பாக, சத்தத்தோடு பெயரும். கெட்ட மரம் சத்தமில்லாமல் குட்டையாக முறியும். சட்டத்தின் மேல்விளிம்பில், பலகை உட்காரும் இடத்தில் குத்திப் பார்க்க மறக்காதீர்கள். அடியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும் சட்டம் ஆணித்துளைகள் வழியாக மேலிருந்து கெட்டிருக்கலாம்.

அழுகலில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஈர அழுகல் ஈரம் இருக்கும் இடத்தோடு நிற்கும். தண்ணீரை நிறுத்தினால் அதுவும் நிற்கும். உலர் அழுகல் அப்படியல்ல. சாம்பல் நிற இழைகளாகச் செங்கல் சாந்துக்குள் புகுந்து, சுவரைத் தாண்டி அடுத்த மரத்தைத் தேடிப் போகும். மரம் பெரிய கனசதுரங்களாக வெடிக்கும். துரு நிறத் தூள் படியும். அதைக் கண்டால் நிபுணரை அழையுங்கள். தென்படும் எல்லையிலிருந்து 300 முதல் 450 மி.மீ. வரை தள்ளி மரத்தை வெட்டி எடுப்பது பழைய நடைமுறை. எவ்வளவு போதும் என்பதை அந்த இடத்தைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

வண்டுத் துளைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துளைக்கு அடியில் புதுத்தூள் விழுகிறதா என்று பாருங்கள். கருப்புக் காகிதத்தை அடியில் ஒட்டி வைத்தால் கோடை முடிவில் தெரிந்துவிடும். தூள் இல்லையென்றால் அது பழைய தழும்பு, அவ்வளவுதான்.

தளத்தின் மட்டத்தை எடுக்கும்போது சுவரை நம்பாதீர்கள். நூறு ஆண்டுகளில் சுவர் இறங்கியிருக்கும். ஃபிரேமின் மேல்தட்டுதான் ஆதாரமட்டம். அதிலிருந்து நூல் கட்டி, ஒவ்வொரு மீட்டருக்கும் தளம் எத்தனை மி.மீ. ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சரிவு பழையது, நிலைத்துவிட்டது என்றால் அப்படியே விடலாம். தளத்தை மட்டமாக்குகிறேன் என்று ஜாக்கி வைத்து ஏற்றினால் ஜன்னல் சட்டங்கள் திருகிக்கொள்ளும், கருவிகள் இருக்கும் அலமாரியும் இழுபடும்.

சுமையையும் இப்போதே கணக்கிடுங்கள். வீட்டுத்தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் என்று கணக்கிடுவார்கள். பார்வையாளர்கள் கூட்டமாக ஏறும் இடத்துக்கு அதைப் போல இரு மடங்குக்கு மேல் தேவைப்படும். இருவர் மட்டும் வேலை பார்த்த தளத்தில் இருபது பேரை ஏற்றப் போகிறீர்கள் என்றால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் சட்டங்களின் அளவைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பழைய சட்டமே போதும், ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்தால் சரி என்று அவர் சொல்லக்கூடும். கூடுதல் இரும்பு வைப்பதைவிட அது நல்ல தீர்வு.

பலகைகளைப் பெயர்ப்பது

லாக்கிங் கீழே இருக்கும் வகை ஃபிரேம் என்றால், முதல் வேலை அதை மூடுவது. மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து பசையாகி லாக்கிங் பட்டைகளுக்கு இடையே உட்காரும். நழுவி விழும் ஓர் ஆணி ஒரு பட்டையை நகரவிடாமல் தடுத்துவிடும். பட்டைகளின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேல் ஒட்டுப்பலகை என்று இரண்டு அடுக்காக மூடுங்கள். மேலே பலகை பெயர்க்கும் நேரத்தில் லாக்கிங் அறையில் யாரும் நிற்கக் கூடாது.

தளத்தின் படத்தை வரைந்து பின்சுவரிலிருந்து வரிசைகளுக்கு 1, 2, 3 என்றும், ஒரு வரிசையிலுள்ள துண்டுகளுக்கு அ, ஆ, இ என்றும் பெயரிடுங்கள். பலகையைத் தூக்கியதும் அதே குறியை அடிப்பக்கத்தில் மெழுகுக்கட்டியால் எழுத வேண்டும். மேல்பக்கத்தில் எழுதினால் பிறகு தேய்க்க வேண்டிவரும். தேய்த்தால் பழைய மேற்பரப்பு போய்விடும்.

நாக்கும் காடியுமாக (ஒன்றின் விளிம்பு நீட்சி அடுத்ததன் பள்ளத்தில் செருகி) பொருந்திய பலகைகளில் முதல் ஒன்றைப் பலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன பலகையைத் தேர்ந்தெடுத்து, இருபுறமும் நாக்கை மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். மின்ரம்பம் வேண்டாம். சட்டங்களின் மேல்விளிம்பை ஒட்டி மணிக் கம்பிகளும், அடுத்த கேபினோடு தொடர்புகொள்ளும் பிளாக் கருவிகளின் ஒயர்களும் ஓடும். அவற்றின் பழைய ரப்பர் உறை தொட்டாலே உதிரும். கீழேயிருந்து ஒயர் ஓடும் பாதையைப் பார்த்துப் படத்தில் சிவப்பில் குறித்துவிட்டு அறுக்கத் தொடங்குங்கள். முதல் பலகை வந்துவிட்டால் மற்றவற்றை ஆணிக்கு மிக அருகில் இரண்டு அகல உளிகளை மாற்றி மாற்றி நெம்பி எடுக்கலாம். ஓர் இடத்தில் ஐந்து மி.மீ. எழும்பியதும் அடுத்த சட்டத்துக்குப் போங்கள். ஒரே முனையைப் பிடித்து இழுத்தால் பலகை ஆணி வரிசையில் பிளக்கும்.

பலகையோடு வந்த ஆணிகளைக் கீழிருந்து சுத்தியலால் அடித்து மேலே தள்ளாதீர்கள், முகப்பு சிதறும். பலகையைக் கவிழ்த்து, ஆணியின் முனையைக் குறடால் பிடித்து அடிப்பக்கமாகவே உருவி எடுங்கள். தெறிப்பது அடிப்பக்கம்தான், அது யார் கண்ணிலும் படாது. எடுத்த பலகைகளை 600 மி.மீ. இடைவெளியில் இடைக்கட்டை வைத்து, கேபினுக்குள்ளேயோ காற்றோட்டமான கொட்டகையிலோ அடுக்குங்கள்.

ஒரே நாளில் முழுத்தளத்தையும் திறக்க வேண்டாம். நான்கைந்து வரிசை திறந்து, சட்டத்தைப் பழுதுபார்த்து, மூடி, அடுத்ததற்குப் போவது நல்லது. திறந்த பகுதியில் நடக்க, குறைந்தது மூன்று சட்டங்களின் மேல் படியும்படி தடித்த பலகை போட்டுக்கொள்ளுங்கள். பலகைகளுக்கு அடியில் கிடைக்கும் பழைய டிக்கெட், பதிவேட்டுத் துண்டு, நாணயம் எல்லாவற்றையும் எந்த வரிசையில் கிடைத்தது என்ற சீட்டோடு உறையில் போட்டு வையுங்கள்.

சட்ட முனைகள்

இங்கேதான் தளத்தின் ஆயுள் முடிவாகிறது. சுவருக்குள் இருக்கும் 100 மி.மீ. கெட்டதற்காக 3.6 மீட்டர் நீளமுள்ள, நெருங்கிய வளையங்களோடு வைரம் பாய்ந்த பழைய பைன் சட்டத்தை முழுதாக எடுத்தெறிவது அநியாயம். இன்று கடையில் கிடைக்கும் வேகமாக வளர்ந்த மரம் அதற்கு ஈடாகாது.

முட்டுக் கொடுப்பதில் தொடங்குங்கள். சுவரிலிருந்து 400 மி.மீ. தள்ளி, சட்டங்களுக்குக் குறுக்கே 100 × 100 மி.மீ. கட்டை வைத்து, அதன் இரு முனையிலும் திருகு முட்டு நிறுத்துங்கள். லாக்கிங் அறையின் தரை மண்ணாகவோ நிலக்கரிச் சாம்பலாகவோ இருந்தால் முட்டின் அடியில் அகலமான பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அமிழும். கையால் திருகி, கட்டை சட்டத்தை இறுக்கமாகத் தொட்டதும் நிறுத்துங்கள். தூக்க வேண்டாம், தாங்கினால் போதும். ஃபிரேமின் உத்திரத்திலோ ராடுகளின் திசையை மாற்றும் கிராங்க் பொருத்திய கட்டையிலோ முட்டை ஊன்றக் கூடாது.

கெட்ட முனையை நல்ல மரம் வரும்வரை செங்குத்தாக அறுத்து எடுத்துவிட்டு, அதே உயரமுள்ள, சி24 என்ற வலிமைத் தரச் சட்டத்தைப் பக்கவாட்டில் வைத்துப் போல்ட் போடுங்கள். 225 மி.மீ. உயரச் சட்டத்துக்குப் பொறியாளரிடம் கொண்டுபோக ஒரு தொடக்க அளவு: பழைய மரத்தோடு 900 மி.மீ. ஒட்டி ஓடும் நீளம், நான்கு எம்12 (12 மி.மீ. விட்ட) போல்ட், மேலும் கீழுமாக மாற்றி. போல்ட்டின் நடுவிலிருந்து சட்டத்தின் விளிம்புக்கு 50 மி.மீ., வெட்டிய முனைக்கு 85 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும். துளை 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. துளை பெரிதானால் போல்ட் வேலை செய்யத் தொடங்குமுன் சட்டம் இறங்கிவிடும். இருபுறமும் 50 மி.மீ. சதுர, 3 மி.மீ. தடிமன் வாஷர் போடுங்கள். சிறிய வட்ட வாஷர் பழைய மரத்துக்குள் புதைந்துவிடும்.

புது முனை சுவரில் 90 முதல் 100 மி.மீ. உட்கார வேண்டும். அடியில் ஸ்லேட் கல் அல்லது ஈரத்தடுப்புத் தாள். பக்கங்களிலும் முனையிலும் 10 மி.மீ. காற்றிடைவெளி. இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைத்தால் ஈரத்தை மரத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்ததாகிவிடும். சுவரைப் பூச வேண்டியிருந்தால் சுண்ணாம்புக் கலவையில் பூசுங்கள். அறுத்த முனைகளுக்கும் அருகிலுள்ள பழைய மரத்துக்கும் போரான் கரைசலை இரண்டு முறை தாராளமாகப் பூசலாம். அது ஈரத்தோடு சேர்ந்து உள்ளே பரவக்கூடியது. கட்டடம் முழுக்க மரமாக இருந்தால் சட்டங்கள் செங்கலில் இல்லாமல் சுவரின் மரத்தாங்கியில் உட்காரும். அப்போது தாங்கியையும் குத்திப் பாருங்கள், அது கெட்டிருந்தால் சட்டத்தைச் சரிசெய்து பயனில்லை.

அடுப்பு நின்ற இடத்தில் தளத்துக்குள் பதித்த கல்லோ செங்கல்லோ இருக்கும். அதைத் தாங்கும் ஓரச்சட்டங்கள் வெப்பத்தில் சுருங்கி மூட்டுகள் கழன்றிருக்கும். அடுப்பை மீண்டும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அந்த மூட்டுகளை இரும்புத் தொங்குகொக்கியால் தாங்கச் செய்யுங்கள்.

லீவர் ஃபிரேமின் ஓரம்

ஃபிரேமுக்காக வெட்டிய திறப்பின் ஓரச்சட்டங்கள்தான் தளத்தில் அதிகம் உழைப்பவை. சிக்னல்காரர் லீவரை இழுக்க ஒரு காலை முன்னால் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்ப்பார். அந்த விசை ஃபிரேமுக்குப் போனாலும் அவர் கால் ஊன்றுவது தளத்தில்தான். தொலைவில் உள்ள சிக்னல்களின் கனமான லீவர்களுக்கு முன்னால் பலகையில் குதிகாலின் அகலத்தில் குழி விழுந்திருக்கும். விரலால் தடவினால் கணுக்கள் மட்டும் மேடாக நிற்பது தெரியும். கணு கடினமானது, அதைச் சுற்றியுள்ள மரம்தான் தேய்ந்தது. எந்த லீவர் அடிக்கடி இழுக்கப்பட்டது, எது கனம் என்று இந்தத் தளம் பதிவுசெய்து வைத்திருக்கிறது. அதை நிரப்பவோ இழைத்து மட்டமாக்கவோ வேண்டாம். குழியின் ஆழத்தில் நாக்குக்கு மேலே 5 மி.மீ. மரமாவது மிஞ்சியிருந்தால் விட்டுவிடலாம். அதற்கும் குறைந்தால் பலகையின் அடியில், இரு சட்டங்களுக்கு நடுவே, 20 மி.மீ. தடிமன் தாங்குபலகையைத் திருகாணியால் பொருத்துங்கள். மேலிருந்து எதுவும் தெரியாது.

பலகை முனைக்கும் ஃபிரேமின் வார்ப்பிரும்புத் தட்டுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும். இடைவெளி இல்லாவிட்டால் பலகை தட்டைத் தள்ளும். தட்டு நகர்ந்தால் லீவர் அதன் பிளவில் உரசத் தொடங்கும். லீவர் கனமாகிவிட்டது என்று எண்ணெய் விடுவார்கள், காரணம் தரையில் இருக்கும். வேலை முடிந்ததும் சிக்னல் பொறுப்பாளர் முன்னிலையில் ஒவ்வொரு லீவரும் தன் முழு வீச்சுக்கு எதிலும் உரசாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும் பாதை என்றால் லாக்கிங் சோதனையும் முறைப்படி நடந்தாக வேண்டும். அதைத் தன்னார்வக் குழு தானே செய்துகொள்ள முடியாது.

லாக்கிங்குக்கு நேர் மேலே உள்ள இரண்டு மூன்று பலகைகளை ஆணியால் அடிக்காதீர்கள். பித்தளைக் குழிவாஷரோடு திருகாணி போட்டு, கழற்றக்கூடியவையாக வையுங்கள். அடுத்த முறை லாக்கிங்குக்கு எண்ணெய் போட வருபவர் கடப்பாரை எடுக்காமல் இருப்பதற்கு இதுதான் வழி.

புதுப்பலகை வாங்கும் கணக்கு

ஓர் உதாரணம். தளம் 6 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், 21.6 சதுர மீட்டர். ஃபிரேம் திறப்பு 4 × 0.6, அதாவது 2.4. மீதி 19.2 சதுர மீட்டர். பலகை மூடும் அகலம் 150 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 6.67 மீட்டர் நீளம் வேண்டும், மொத்தம் 128 மீட்டர். அதில் 60 சதவீதம் பழையதே தேறினால் புதிதாக 51 மீட்டர். சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 60 மீட்டர் சொல்லலாம். சட்டங்கள் 400 மி.மீ. இடைவெளியில் 16, பலகை வரிசை 24, ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு ஆணி. திறப்பைக் கழித்தால் 690 ஆணி வரும். 800 வாங்குங்கள்.

அளவில்தான் பலர் இடறுகிறார்கள். பழைய பலகை அங்குலக் கணக்கில் செய்தது. ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மி.மீ. தடிமன் இருக்கலாம். கடையில் கிடைப்பது 25 அல்லது அதற்கும் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூன்றரை மி.மீ. படி விழும், கால் தடுக்கும். அடியில் சீவல் வைத்து உயர்த்தலாம், ஆனால் நாக்கும் காடியும் அப்போது ஒரே உயரத்தில் சேராது. பழைய பலகைத் துண்டு ஒன்றை மர ஆலைக்குக் கொண்டுபோய் அதே தடிமன், அதே காடி உயரத்தில் இழைக்கச் சொல்வதே சரி. பழைய மரக்கடையில் அதே காலத்துப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கியதும் உலோகத் தேடியால் ஆணித்துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஈரம் இன்னொரு சிக்கல். பார்வையாளர்களுக்குத் திறக்கும் நாளில் மட்டும் சூடேற்றும் கேபினில் மரம் 12 முதல் 15 சதவீத ஈரத்தில் நிலைக்கும். சூளையில் 8 சதவீதத்துக்கு உலர்த்திய பலகையை நேராக அடித்தால் என்ன ஆகும்? பைன் பலகை நான்கு சதவீத ஈரம் கூடினால் அகலத்தில் சுமார் ஒரு சதவீதம் உப்பும். 150 மி.மீ. பலகைக்கு ஒன்றரை மி.மீ., 24 வரிசைக்கு 36 மி.மீ. அந்த 36 மி.மீ.க்கு இடமில்லாமல் தளம் நடுவில் எழும்பும். மாறாக 20 சதவீதப் பச்சைப்பலகை அடித்தால் கோடையில் பலகைக்குப் பலகை பிளவு தெரியும். எனவே பலகை வந்ததும் இடைக்கட்டை போட்டு கேபினுக்குள்ளேயே அடுக்கி, இரண்டு வாரமாவது விடுங்கள். ஈரமானியில் பழைய பலகையும் புதியதும் இரண்டு சதவீத வித்தியாசத்துக்குள் வந்த பிறகு அடியுங்கள்.

பலகை அடிப்பது

பழைய பலகைகள் தங்கள் எண்ணின்படி பழைய இடத்துக்கே போக வேண்டும். புதியவற்றை ஜன்னலோரத்திலும் மூலையிலும் சேர்த்து வையுங்கள். ஒரு பழையது, ஒரு புதியது என்று கலந்தால் தளம் முழுவதும் ஒட்டுப்போட்டதாகத் தெரியும்.

நாக்கு உடைந்த பலகையைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த விளிம்பிலும் காடி எடுத்து, 6 மி.மீ. தனி நாக்குப்பட்டி செருகினால் போதும். பிளவுக்குப் பசை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். சிறிய அழுகலை வெட்டி எடுத்து, ரேகை ஒரே திசையில் ஓடும் பழைய மரத்துண்டைப் பதியுங்கள். பதிக்கும் துண்டின் பக்கங்களைக் கொஞ்சம் சாய்த்து வெட்டினால் மேலிருந்து அடிக்கும்போது இறுக்கமாக உட்காரும்.

ஆணி 65 மி.மீ. தகட்டு ஆணியாக இருக்கட்டும். அதன் அகலமான பக்கம் ரேகையோடு ஓடும்படி பிடித்து அடிக்க வேண்டும். மழுங்கிய முனை நார்களை வெட்டிக்கொண்டு இறங்குவதால் மரம் பிளக்காது. திருப்பிப் பிடித்தால் ஆப்பாக மாறி நிச்சயம் பிளக்கும். விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே, சட்டத்துக்கு இரண்டு. பலகை முனைகளில் முன்துளை போடுங்கள். நான்கைந்து வரிசையைச் சேர்த்து இறுக்கியால் நெருக்கிய பிறகு அடியுங்கள், ஆனால் முழு பலத்தோடு இறுக்க வேண்டாம். முனை இணைப்புகள் எப்போதும் சட்டத்தின் நடுவில் வர வேண்டும், அடுத்தடுத்த வரிசையில் ஒரே சட்டத்தில் வரக் கூடாது. சுவரோரம் சுற்றிலும் 10 மி.மீ. விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மூடுங்கள்.

மேற்பூச்சு

தேய்க்கும் இயந்திரத்தைக் கேபினுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஒருமுறை ஓட்டினால் ஒன்றிரண்டு மி.மீ. போகும். தேய்ந்த குழிகளும் போகும், நாக்குக்கு மேலுள்ள மரமும் மெலியும். வெந்நீரும் மென்சோப்பும் வைத்து ரேகையோடு பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

இந்தத் தளத்தில் முன்பு என்ன இருந்தது என்பதற்குத் தளமே சாட்சி. சுவரோரம் சின்னச் சின்ன ஆணித்துளைகள் வரிசையாக இருந்தால் லினோலியம் விரித்திருந்தார்கள். அப்படியானால் 3.2 மி.மீ. பழுப்பு லினோலியத்தை 18 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் ஒருநாள் கிடக்கவிட்டு, அளவாக வெட்டி, ஓரங்களில் மட்டும் சிற்றாணி அடித்து விரியுங்கள். அடியில் 6 மி.மீ. ஒட்டுப்பலகை போட்டால் பலகைக் கோடுகள் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் தளம் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயர்ந்து ஃபிரேம் தட்டோரம் படி விழும், கதவும் இடிக்கும். துருத்தும் பலகை விளிம்புகளை மட்டும் கை இழைப்புளியால் தணித்துவிட்டு, நேரடியாக விரிப்பதே பழைய முறைக்குப் பொருந்தும். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி எங்கும் வேண்டாம், அடியில் ஈரம் கட்டும்.

வெறும் மரமாகவே விடுவதென்றால் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து மெல்லியதாகப் பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் தேவையானால் இன்னொரு பூச்சு. மெழுகு பளபளப்பாக இருக்கும், ஆனால் ஃபிரேமுக்கு முன்னால் ஒரு மீட்டருக்குள் அது கூடாது. லீவரை இழுக்கும்போது ஊன்றிய கால் வழுக்கினால் ஆள் முதுகு அடிபட விழுவார், லீவரும் திரும்பிப் பாயும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெளிவிடும் வெப்பத்தில் துணிக்குவியல் தானாகவே தீப்பிடிக்கும். தனித்தனியாக வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

வேலை முடிந்த பிறகு ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை, முதலில் அளந்த அதே இடங்களில் ஈரத்தை அளந்து எழுதுங்கள். ஏதாவது ஒரு முனையில் எண் ஏறினால் அதற்கு நேர் மேலே உள்ள ஜன்னல் தடத்தைப் பாருங்கள். முதல் குளிர்காலம் கழிந்ததும் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்க வேண்டும், புது மரம் சுருங்கி வாஷர்கள் தளர்ந்திருக்கும். எண்ணிட்ட தளப்படத்தில் எது பழையது, எது புதியது, எங்கே போல்ட், எந்தப் பலகை கழற்றக்கூடியது என்று குறித்து, ஒரு பிரதியை உறையிட்டு லாக்கிங் அறைக் கதவின் உட்புறத்தில் மாட்டுங்கள். மற்றொன்று மன்றத்தின் ஒப்புதல் கோப்பில் சேர வேண்டும்.